படுவான்கரைப் பட்டிகளும் சாகிவால் நாம்பனும்

திங்கட்கிழமை, கொக்கட்டிச்சோலை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் மாடுகளுக்குப் புரட்டாதிதான் மிகக் கடினமான மாதம். ஆனி தொடங்கி வீசிய கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று புல்லை வேரோடு கருக்கிவிட்டிருக்கும். மாரி மழைக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும். சிறுபோக அறுவடைக்குப் பின் வட்டைகளில் (வயல்வெளிகளில்) எஞ்சிய நெல் தாள்களையும் மாட்டுப் பட்டிகள் மேய்ந்து முடித்திருக்கும். பாலுக்கும் இறைச்சிக்கும் ஒருசேரப் பயன்படுகிற, இந்த மண்ணின் வெயிலையும் உண்ணியையும் பஞ்சத்தையும் தாங்குகிற மாடு எது என்பதை நேரில் பார்த்து எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். கொழுத்த புல்லுள்ள தை மாதத்தில் எந்த மாடும் நன்றாகவே தெரியும் என்பதால், இந்த வறண்ட மாதத்தையே பயணத்துக்குத் தேர்ந்தெடுத்தேன்.

மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைக்குப் போகும் வீதியில் முதலில் எதிர்ப்பட்டவை நாட்டு மாடுகள். சிறிய உடல், குட்டையான கொம்பு, கறுப்பும் செம்மையும் சாம்பலும் கலந்த நிறங்கள். முழுமையாக வளர்ந்த பசுவே 200 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு லீற்றர் வரை பால் தரும். பால் கணக்கை மட்டும் பார்ப்பவர் இவற்றைப் பயனற்றவை என்று ஒதுக்கிவிடுவார். ஆனால் இவை காய்ந்த கோரையையும் பற்றையின் இலையையும் தின்று, சேற்றுத் தண்ணீரைக் குடித்து, மருந்தின்றி, கொட்டிலின்றி உயிர் பிழைத்துக் கன்றும் ஈனுகின்றன. இந்தத் தாங்குதிறனை விலைகொடுத்து வாங்கிவிட முடியாது.

தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தின் கல் நந்தியைப் பற்றி இவ்வூரார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வரலாறு ஒன்றுண்டு. ஆலயத்தை இடிக்க வந்த போர்த்துக்கேயரின் முன்னே அந்த நந்தி எழுந்து புல்லை உண்டு சாணமும் இட்டது என்பார்கள். அந்த நந்தியை வணங்கிவிட்டு வந்த ஒரு முதியவருடன் ஆலய வீதியில் நின்று பேசினேன். ஒரு காலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட மாடுகளை வைத்திருந்தவர். "பாலும் வேணும் மகன், நாம்பன வித்தாக் காசும் வேணும். ரெண்டும் ஒரே மாட்டில வரவேணும். பாலுக்கு ஒரு மாடு, விக்கிறத்துக்கு ஒரு மாடெண்டு வளக்க நமக்கு எங்க புல்லிருக்கு?" என்றார். நாம்பன் என்பது இங்கே ஆண் மாட்டைக் குறிக்கும் சொல். நான் தேடி வந்த விடயத்தை ஆராய்ச்சிக் கட்டுரைகள் இதைவிடத் தெளிவாகச் சொல்லி நான் படித்ததில்லை.

அவருடைய மகனின் பட்டியில் மாடுகளின் பின்தொடையில் இருந்த குறிகளைக் கிட்ட நின்று பார்த்தேன். காய்ச்சிய இரும்பால் சுட்ட தழும்பு, மயிர் முளைக்காமல், விரலால் தடவினால் கயிறுபோல் தடித்து நிற்கிறது. சொந்தக்காரரின் எழுத்து ஒருபுறமும், தாய்வழிக் குடியின் குறி மறுபுறமும் இருந்தன. கிழக்கில் குடிகளுக்குத் தனித்தனி மாட்டுக் குறி வைத்திருக்கும் வழக்கம் மிகப் பழையது. வேலியில்லாத மேய்ச்சலில் பல பட்டிகள் கலந்து மேயும் ஊர்களில், மாட்டின் உரிமைப் பத்திரம் அதன் தோலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை, கரடியனாறு

செங்கலடியிலிருந்து பதுளை வீதியில் மேற்கே சென்று கரடியனாற்றில் இறங்கினேன். இங்கே ஓர் அக்கா ஆறு கலப்புப் பசுக்களை வைத்திருக்கிறார். அவற்றில் நான்கு சாகிவால் கலப்பு. முற்றத்தில் கட்டியிருந்த பசுவைப் பார்த்தவுடனேயே இனத்தை அடையாளம் காண முடிந்தது: செம்பழுப்பு நிறம், தொங்கும் அலைதாடி, தளர்ந்து மடியும் தோல், சிறிய கொம்பு, அமைதியான கண்.

சாகிவால் என்பது இன்று பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் இருக்கும் ஒரு மாவட்டத்தின் பெயர். ஆங்கிலேயர் காலத்தில் அது மொன்ற்கோமரி என அழைக்கப்பட்டதால், பழைய நூல்களில் இந்த இனத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. திமிலுள்ள மாட்டினங்களில் பால் தருவதில் முன்னணியில் நிற்பவற்றுள் இதுவும் ஒன்று. கன்றுக்கும் ஊட்டிய பிறகு ஒரு கறவைக் காலத்துக்குச் சராசரியாக 2,270 கிலோ பால் தருவதாகக் கணக்கிடுவார்கள். பால் இனம் என்று பெயர்பெற்ற இந்த மாடு பிற நாடுகளில் இறைச்சிக்கும் பயன்படுவதுதான் என்னை ஈர்த்த செய்தி. கென்யா 1939 முதல் 1963 வரை சாகிவால் மாடுகளை இறக்குமதி செய்து, 1960களில் நைவாசாவில் அதற்கென ஓர் இனப்பெருக்கப் பண்ணையை அமைத்தது. அங்கிருந்து சென்ற காளைகளை மசாய் மேய்ப்பர்கள் தங்கள் மந்தைகளில் விட்டு, பாலையும் விற்பனை எடையையும் ஒருங்கே கூட்டிக்கொண்டார்கள். அவுஸ்திரேலியாவுக்கு 1950களில் போன சாகிவால் முதலில் இரண்டு பயனுக்குமான இனமாகவே தெரிவுசெய்யப்பட்டது. வெப்பநாட்டுப் பால் இனங்களை உருவாக்க உதவிய பின்னர், இன்று அங்கே பெரும்பாலும் இறைச்சிக்கான கலப்புக்குப் பயன்படுகிறது. கிழக்கின் பண்ணையாளர்கள் இந்தச் செய்தியை அறிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஏனெனில் நம்முடைய சூழலுக்கு நெருங்கியது ஒல்லாந்தின் கொட்டிலைவிட மசாய் மேய்ப்பரின் வறண்ட வெளியே.

அக்கா அதிகாலையில் பால் கறப்பதைப் பார்க்க அனுமதித்தார். பசுவைத் தறியில் கட்டி, பின்னங்கால்களைக் கயிற்றால் பிணைத்துவிட்டு, கன்றை அவிழ்த்தார். கன்று ஓடிவந்து மடியை இரண்டு மூன்று தடவை முட்டி, நான்கு காம்பையும் மாறி மாறிச் சப்பியது. சிறிது நேரத்தில் மடி விம்மிக் காம்பு நுனியில் பால் துளிர்த்தது. உடனே கன்றை இழுத்துத் தாயின் முகத்தருகே கட்டினார். பசு அதை நக்கிக்கொண்டே நின்றது. பிளாஸ்டிக் வாளியின் அடியில் முதல் பீச்சல்கள் ஓசையுடன் விழுந்தன; நுரை ஏறியதும் அந்த ஓசை அடங்கியது. மூன்று காம்பைக் கறந்து நான்காவதைக் கன்றுக்கு விட்டுவிட்டார். திமிலுள்ள மாடுகள் பெரும்பாலும் கன்றின் தீண்டலின்றிப் பாலை இறக்குவதில்லை. கன்று சப்பும்போது மூளையிலிருந்து சுரக்கும் ஒட்சிடோசின் என்ற ஓமோன் மடியின் நுண்ணறைகளைச் சுருக்கிப் பாலை வெளியே தள்ளுகிறது. கன்று இறந்தால் கறவையும் அதனோடு முடிந்துபோவதை இங்குள்ளவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். கன்றைக் காப்பாற்றினால் இன்றைய பாலும் நாளைய நாம்பனும் சேர்ந்தே கிடைக்கும். இருபயன் மாட்டை வளர்ப்பவருக்கு இந்தக் கன்று ஒரு காம்புப் பாலுக்கு ஈடானதன்று, அதைவிடப் பல மடங்கு பெறுமதியானது.

காலையில் ஐந்து லீற்றர் கிடைத்தது. மாலையில் மூன்று வரும் என்றார். பக்கத்து வளவில் முன்பு வளர்த்த பிறிசியன் (ஒல்லாந்துப் பால் இனம்) கலப்பு முதல் ஆண்டில் இதைவிட அதிகம் கொடுத்தது. இரண்டாம் கோடையில் மூச்சிரைத்து, தீனி குறைந்து, பின்னர் உண்ணிக் காய்ச்சலில் சிறுநீர் சிவந்து செத்தது. "அது நல்ல மாடுதான் தம்பி, இந்த வெயிலுக்குப் பிறந்த மாடில்ல" என்று வருத்தத்தோடு சொன்னார். குளிர்நாட்டு மாடுகளுக்கு 25 பாகை செல்சியசைத் தாண்டியதுமே வெப்பம் சுமையாகத் தொடங்கிவிடும். மட்டக்களப்பிலோ கோடை முழுவதும் பகலில் 33 பாகையைச் சாதாரணமாகவே தொடும். திமிலுள்ள இனங்களுக்கு வியர்வைச் சுரப்பிகள் பெரியவை, தோல் தளர்ந்து பரப்புக் கூடியது, உடல் தானே உண்டாக்கும் வெப்பமும் குறைவு. உண்ணி தொற்றுவதும் அவற்றில் குறைவாகவே இருக்கிறது. இலங்கையின் தாழ்நில உலர்வலயத்துக்குக் கால்நடைத் திணைக்களம் சாகிவாலையும் அதன் கலப்பையும் பரிந்துரைப்பதற்கு இவையே காரணங்கள்.

அக்காவின் பசுக்கள் செயற்கைச் சினைப்படுத்தலில் பிறந்தவை. வீட்டில் கட்டி வளர்ப்பதால் பசு வேட்கைக்கு வரும் வேளையைக் கண்டு கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொல்ல முடிகிறது. காட்டோரத்தில் மேயும் பட்டியில் அது நடவாது. வேட்கை ஒரு நாளுக்குள் கழிந்துவிடும். அதைக் கண்டு, பசுவைப் பிரித்து, உறை விந்துக் குடுவையுடன் ஒருவர் வந்து சேர்வதற்குள் பட்டியின் நாம்பன் வேலையை முடித்துவிட்டிருக்கும். ஆகவே பட்டிகளின் இனத்தை மாற்றக்கூடியது நல்ல நாம்பன் ஒன்றே. ஊசியின் மூலம் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று எண்ணுபவர்கள் ஒருமுறை பட்டிக்குள் போய் நின்று பார்க்க வேண்டும்.

புதன்கிழமை, சித்தாண்டியிலிருந்து மயிலத்தமடு

பெரும்போக விதைப்புக்கு வயல்கள் உழப்படும் முன்னரே வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரை மாடுகளையும் படுவான்கரை மாடுகளையும் மேற்கே கொண்டுசென்றுவிட வேண்டும். வெள்ளாமைக்குள் மாடு இறங்கினால் வயற்சொந்தக்காரரான போடியாருக்கும் பட்டிக்காரருக்கும் இடையே வழக்கு உண்டாகும். மாரி முழுவதும் மேற்கே மேய்ந்து, மாசி பங்குனியில் அறுவடை முடிந்ததும் வட்டைகளுக்குத் திரும்பித் தாளை மேய்ந்து சாணத்தை இட்டுப் போவது பல தலைமுறைகளாக நடந்துவரும் சுழற்சி.

சித்தாண்டியில் சந்தனமடு ஆற்றைக் கடந்து ஈரளக்குளம் வழியாக ஒரு மேய்ப்பர் அண்ணனுடன் மோட்டார் சைக்கிளில் போனேன். வழியில் ஒரு பட்டி மேற்கே போய்க்கொண்டிருந்தது. முன்னே நாட்டுப் பசுக்களும் நாகுகளும் (இன்னும் கன்று ஈனாத இளம் பசுக்கள்), நடுவில் கன்றுகள், பின்னே ஒரு சாகிவால் கலப்பு நாம்பன். அந்த நாம்பன் ஏனையவற்றைவிட ஓர் அடி உயரம், முதுகு அகலம், புரட்டாதியிலும் விலா எலும்பு துருத்தவில்லை. நல்ல ஒரு நாம்பனைக் கொண்டு 25 பசுக்கள் வரை சினைப்படுத்தலாம். அதன் முதற் தலைமுறைக் கன்றுகள் தாயின் தாங்குதிறனையும் தந்தையின் எடையையும் சேர்த்துப் பெறுவதால் அவற்றை மிக உயர்வாக மதிக்கிறார்கள். ஆனால் அதே நாம்பனைப் பட்டியிலேயே வைத்திருந்து அதன் மகள்களுடனும் சேரவிட்டால், அடுத்த தலைமுறையில் கன்றுகள் சிறுத்து, சாவும் கூடுகிறது. அண்ணனின் பட்டியில் நாம்பன் ஆறு ஆண்டுகளாக மாற்றப்படவில்லை. மாற்ற விருப்பமில்லாமல் அல்ல, வேறொன்று வாங்கப் பணம் இல்லாமல்.

மயிலத்தமடுவில் வாடியின் (மேய்ப்பர் குடிலின்) முன்னே அமர்ந்து, கம்பில் தொங்கிய கேத்திலில் கொதித்த பால் தேநீரைக் குடித்தபடி மேய்ச்சல் தரையைப் பற்றிப் பேசினோம். மயிலத்தமடு, மாதவனைப் பகுதி மகாவலித் திட்டத்தின் பி வலயத்துக்குள் வருகிறது. வெளியிடத்திலிருந்து வந்தவர்கள் இங்கே பயிர்செய்கைக்காக நிலத்தைத் துப்புரவாக்கியதாலும், மாடுகள் சுடப்பட்டும் வெட்டப்பட்டும் இறந்ததாலும், பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அண்ணனும் அந்தப் பந்தலில் இருந்தவர். "மாட்டுக்கு ஊசி தாறம், நல்ல இனம் தாறம் எண்டெல்லாம் சொல்றாங்க. முதல்ல மாடு நிக்கிற இடத்தத் தாங்க எண்டு நாங்க கேக்கிறம்" என்றார்.

சாகிவால் இனத்தின் பிறப்பிடத்தில் நடந்ததை அப்போது அவரிடம் சொன்னேன். அந்த இனம் பஞ்சாபின் வறண்ட வெளிகளில், மாடு மேய்ப்பதையே தொழிலாகக் கொண்ட மக்களின் பெரும் மந்தைகளில் உருவானது. பின்னர் நீர்ப்பாசனக் கால்வாய்கள் அந்த வெளிகளுக்குள் வந்தன. மேய்ச்சல் நிலம் பயிர்நிலமானது. பெரும் மந்தைகள் சிதறி, உழவர்களின் வீடுகளில் ஓரிரண்டாகக் கட்டப்பட்டன. இங்கே 1949இல் கல்லோயாத் திட்டமும், பின்னர் மகாவலித் திட்டமும் தண்ணீரையும் நெல்லையும் கொண்டுவந்தன. அந்தத் திட்டங்கள் வரைபடத்தில் வயலையும் குடியிருப்பையும் தெளிவாகக் குறித்த அளவுக்கு மாட்டின் இடத்தைக் குறிக்கவில்லை. அண்ணன் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அங்கயும் இப்பிடித்தானா நடந்தது?" என்று மட்டும் கேட்டார்.

தாங்குதிறனுக்கும் எல்லை உண்டு என்பதையும் அவரே காட்டினார். 2022 டிசம்பரில் அடித்த குளிர்காற்றிலும் மழையிலும் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் இறந்தன. கோடை முழுவதும் அரைவயிறாக இருந்து உடலில் கொழுப்பின்றி மாரிக்குள் நுழைந்த மாடுகளும் கன்றுகளும்தான் அவரது பட்டியில் முதலில் விழுந்தன. வெயிலுக்குப் பிறந்த மாடாயினும் நனைந்து, பசித்து, இரவெல்லாம் காற்றில் நிற்க நேர்ந்தால் பிழைப்பது கடினம். மேட்டுநிலத்தில் மரங்களை விட்டுவைத்திருந்த பட்டிகளில் இழப்புக் குறைவாக இருந்ததாம்.

வியாழக்கிழமை, ஏறாவூர்

இறைச்சியைப் பற்றிப் பேசாமல் இருபயன் மாட்டைப் பற்றி எழுதுவது பாதி உண்மையாகிவிடும். பட்டி வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களில் மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் பலர்; ஆயினும் நாம்பன்களை விற்ற பணத்தில்தான் பிள்ளைகளின் படிப்பும் வீட்டின் கூரையும் வந்தன என்பதை அவர்களே மறைக்காமல் சொன்னார்கள். உழவு இயந்திரம் வந்தபின் ஏருக்கும் வண்டிலுக்கும் மாடு தேவைப்படுவதில்லை. ஆண் கன்றுக்கு எஞ்சியிருக்கும் ஒரே சந்தை இறைச்சிதான்.

நாற்பது ஆண்டுகளாக மாடு வாங்கி விற்கும் ஒரு காக்காவை (முஸ்லிம் அண்ணரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) அவருடைய வீட்டில் சந்தித்தேன். தராசு இல்லாமலே எடையைச் சொல்வார். மாட்டின் பின்னே நின்று தொடையின் உட்புறத்தைப் பார்த்து, இடுப்பெலும்பின் மேல் கையை அழுத்தி, வாலடியைப் பிடித்து அசைத்துப் பார்ப்பார். "நாட்டு நாம்பன் நாலு வயசிலயும் சின்னதுதான் தம்பி. சாகிவால் கலந்தது மூணு வயசிலயே அதத் தாண்டிரும். ஆனா விக்கிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது, தெரிஞ்சா நல்ல விலை கேப்பாரு" என்று சொல்லி, தானே அதைச் சொல்லிக்கொடுப்பதாகவும் கூறினார். உயிரெடையில் பாதிக்குக் கிட்டத்தான் இறைச்சியாக மிஞ்சும் என்பதால், வாங்குபவரின் கணிப்பில் சிறிது பிழைத்தாலும் இழப்பு விற்பவருக்கே. பட்டிகள் கூடும் இடத்தில் பொதுவான ஒரு தராசு இருந்தால், எந்த நாம்பனை வளர்ப்பது இலாபம் என்பது ஓரிரு ஆண்டுகளிலேயே எல்லோருக்கும் விளங்கிவிடும் என்று நான் கருதுகிறேன்.

மாட்டை ஏற்றிச் செல்ல உரிமைச் சான்றும், கால்நடை வைத்தியரின் சுகாதாரச் சான்றும், போக்குவரத்து அனுமதியும் வேண்டும். மாடறுப்பைத் தடைசெய்யும் யோசனைக்கு 2020 செப்டம்பரில் அமைச்சரவை ஒப்புதல் அளித்த செய்தி வந்தபோது, நாம்பன்களின் விலை என்னவாகும் என்ற அச்சம் வியாபாரியைவிடப் பட்டிக்காரரையே அதிகம் வாட்டியது என்று காக்கா நினைவுகூர்ந்தார். வயதான மாட்டை விற்க முடியாவிட்டால் அது இருக்கும் கொஞ்சப் புல்லையும் தின்று இளம் பசுவின் பாலைக் குறைக்கும். உணர்வுக்கும் நம்பிக்கைக்கும் மதிப்பளிப்பவன் நான். ஆயினும் இந்தக் கணக்கைப் பட்டிக்காரரின் தோளில் மட்டும் சுமத்துவது நியாயமன்று.

வெள்ளிக்கிழமை

கல்முனை வழியாகத் தெற்கே பயணம். எழுதத்தக்க மாடுகள் எவையும் கண்ணில் படவில்லை. அக்கரைப்பற்றில் இரவு தங்கினேன்.

சனிக்கிழமை, வட்டமடு

அம்பாறை மாவட்டத்தின் கரையோர ஊர்களிலிருந்து மாடுகள் மாரிக்குப் போகும் இடம் வட்டமடு. மேய்ச்சல் தரை என்று அறிவிக்கப்பட்ட நிலமாயினும், பண்ணையாளர், நெற்செய்கையாளர், வனத்துறை ஆகிய மூன்று தரப்புக்கும் இடையில் நீண்ட வழக்குக்கு உள்ளான நிலமும் அதுவே. இங்கே பிணக்கில் எதிரெதிராக நிற்பவர்கள் பலரும் ஏழைகள். அதனால் யாரையும் குற்றஞ்சாட்டி எழுத மனம் வரவில்லை. ஆனால் புல்லின் எல்லை குறித்துக் கல் நடப்படாதவரை எவரும் பட்டிக்கென்று நல்ல நாம்பன் வாங்கத் துணியமாட்டார்கள் என்பதை மட்டும் அழுத்தமாகப் பதிவுசெய்கிறேன்.

இங்குள்ள ஒரு பட்டியில் அனைத்தையும் ஒருங்கே காண முடிந்தது. அறுபது அளவில் நாட்டுப் பசுக்கள், சாகிவால் கலப்பில் பிறந்த பதினைந்து நாகுகள், நலமடித்து (காயடித்து) விற்பனைக்காக வளர்க்கும் நாம்பன்கள். பால் முழுவதையும் விற்றுவிடாமல், தொலைவு காரணமாக ஒரு பகுதியை வாடியிலேயே காய்ச்சி உறையூற்றி முட்டிகளில் கரையோரத்துக்கு அனுப்புகிறார்கள். பால் சேகரிப்பு நிலையங்களில் கொழுப்பையும் ஏனைய திண்மங்களையும் அளந்தே விலை தீர்க்கப்படுவதால், அளவு குறைந்தாலும் கொழுப்பு மிகுந்த இந்த மாடுகளின் பாலுக்கு லீற்றருக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது என்றார் பட்டிக்காரர். கலப்பு நாகுகளில் சாகிவால் இரத்தம் பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதாகவும், அதற்கு மேலே போனால் கோடையில் தனித்தீனி கேட்கும் என்றும் தம் அனுபவத்தைச் சொன்னார். அதை நான் முழுமையாக ஏற்கிறேன். இனம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், அதை எவ்வளவு கலப்பது என்பதைப் புல்லே தீர்மானிக்க வேண்டும்.

அவரிடம் ஒரு நாம்பன் ஐந்து வயதாகி நிற்கிறது. அதன் மகள்கள் சினைக்கு வரும் பருவத்தை எட்டிவிட்டதால் அதை விலக்க வேண்டியிருக்கிறது. மயிலத்தமடு அண்ணனுக்கும் இதே தேவைதான். இருவரையும் தொலைபேசியில் பேசவைத்தேன். அரைமணி நேரம் நாம்பனின் நிறத்தையும் குணத்தையும் கொம்பையும் விசாரித்துக்கொண்டார்கள். மாசியில் வெள்ளாமை வெட்டியபின், வட்டைகள் திறந்ததும் மாற்றிக்கொள்வது என்று முடிவானது. அதற்கு முன் இரண்டு நாம்பனுக்கும் பசுக்களில் கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா நோய் இல்லையென்று இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டுமென நான் வலியுறுத்தியதை இருவரும் ஒப்புக்கொண்டார்கள். லொறிக் கூலியை ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொள்வார்கள். பத்திரங்களைத் தயார்செய்வது என் பொறுப்பு.